மனந்திரும்பும் கதைகளும் திறக்காத வாசல்களும்

படிப்பு வட்டங்களுக்கு வரும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கிறிஸ்தவக் கதைப் புத்தகங்கள், சாட்சிப் புத்தகங்கள் எல்லாம் படிக்கலாமா தோழர், நேரம்தான் வீணா?" கேட்பவர்களில் பாதிப்பேர் வீட்டில் அம்மா படிக்கும் புத்தகங்கள் அவை. ஆகவே பதிலைக் கேலியாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. படியுங்கள் என்பதே என் பதில். ஆனால் அந்தக் கதைகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

கன்வென்ஷன் பந்தலுக்கு வெளியே மேசை போட்டு விற்கும் சிறு புத்தகங்களை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஒரே கதைதான். அப்பா குடிப்பார். அம்மா முழங்காலில் நின்று ஜெபிப்பார். பிள்ளைகள் பசியோடு தூங்கும். ஒருநாள் அப்பா தற்செயலாக ஒரு கூட்டத்துக்குப் போவார், அழுவார், மனந்திரும்புவார். கடைசி அத்தியாயத்தில் மகளுக்கு வேலை கிடைத்திருக்கும், கூரை வீடு மாடி வீடாகியிருக்கும்.

இந்தக் கதையை நான் இழிவாகப் பார்க்கவில்லை. பள்ளிப் பாடநூலைத் தாண்டி வேறு அச்சுப் புத்தகமே நுழையாத எத்தனையோ காலனி வீடுகளில் பெண்களுக்கு வாசிப்புப் பழக்கத்தைத் தந்தவை இவைதான். குடியால் சீரழியும் வீட்டைப் பற்றி, அந்த வீட்டுப் பெண்ணின் பக்கம் நின்று எழுதியவையும் இவைதான். அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டுத்தான் குறையைச் சொல்கிறேன்.

குறை இதுதான்: இந்தக் கதைகளில் துன்பத்தின் காரணம் எப்போதும் துன்பப்படுகிறவரின் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள், அன்றாடங்காய்ச்சிகள். அவர்கள் மனந்திரும்பியிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று ஒரு கதை எழுதலாம். ஆனால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அருகிலேயே அந்தச் சாராயம் எப்படி விற்றது, யார் அனுமதித்தார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கதையில் ஒரு பத்திகூட இருக்காது.

அம்பேத்கர் இதை முன்பே கவனித்திருக்கிறார். மதம் மாறிய தீண்டப்படாதோரின் நிலை பற்றி அவர் எழுதிய கட்டுரை, அவர் மறைவுக்குப் பின் அவரது நூல் தொகுப்பில் வெளிவந்தது. தன் தாழ்வுக்குக் காரணம் சமூக அமைப்பு என்று அறிய வேண்டிய மனிதரிடம், மனிதகுலத்தின் ஆதிப்பாவமே காரணம் என்று சொன்னால் அவர் எப்படிப் போராடுவார் என்பதுதான் அதில் அவர் எழுப்பும் கேள்வி. நம் சிறு புத்தகங்களின் கதைப்போக்கை அந்தக் கேள்வியோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

பெரிய நூல்களில் யார் இருந்தார்கள்?

"சிறு புத்தகம் என்றால் அப்படித்தான் இருக்கும், தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் பெரியது" என்று சிலர் சொல்வார்கள். பெரியதுதான். வீரமாமுனிவரின் தேம்பாவணி 1726இல் முடிந்தது. 3 காண்டம், 36 படலம், 3615 பாடல்கள். சூசையப்பரைத் தலைவனாக வைத்து, யூதேயா நாட்டைத் தமிழ்க் காப்பிய மரபுப்படி பாடியது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ஆங்கிலேயர் ஜான் பனியனின் கதையைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகம் வெளியிட்டார். தமிழின் முதல் நாவல் என்று நாம் பாடத்தில் படிக்கும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வந்தது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர்.

மொழிக்கு இவர்கள் செய்தது சிறிய காரியமல்ல. வேதநாயகம் பிள்ளை பெண் கல்விக்காக எழுதியவர், நீதிமன்றங்களில் தமிழ் வேண்டும் என்று வாதாடியவர். ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையோர் சேரிகளிலிருந்து வந்தவர்கள். கிறிஸ்தவர் எழுதிய முதல் நாவலின் தலைவனோ ஒரு முதலியார். சேரிக் கிறிஸ்தவர் அங்கே கதை மனிதராகவில்லை.

அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றாத விஷயம் என்று தள்ளிவிடவும் முடியாது. அதே மாயவரத்தில் வேதநாயகம் பிள்ளையின் நண்பராக இருந்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. அவர் 1860களின் தொடக்கத்தில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை வெளியிட்டார். நந்தனை நெருப்பில் இறக்கி உள்ளே விடும் அந்தக் கதையின் அரசியல் வேறு விஷயம், அதை நாம் ஏற்க முடியாது. ஆனால் கோயில் வாசலில் நிற்கும் ஒரு தலித்தையும் பண்ணையில் அவர் படும் பாட்டையும் ஒரு பிராமணக் கவிஞர் பாடினார். மாதா கோயில் வாசலில் நின்ற தலித்தைப் பற்றி ஒரு நாவல் எழுத அவருடைய கிறிஸ்தவ நண்பருக்குத் தோன்றவில்லை.

பக்கத்து மலையாளத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1877இல் மலையாளத்தில் அச்சான 'காதகவதம்' ஒரு மிஷனரிப் பெண் ஆங்கிலத்தில் எழுதியதன் மொழிபெயர்ப்பு. அதில் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுக்கும் புலையர் ஒருவர் கிறிஸ்தவ அடிமை. அவரை வதைக்கும் நிலவுடைமையாளரும் சிரியன் கிறிஸ்தவர். 1892இல் கண்ணூர் வழக்கறிஞர் போத்தேரி குஞ்ஞம்பு எழுதிய 'சரஸ்வதீவிஜயம்' நாவலில், நம்பூதிரி குடும்பத்தின் கொடுமைக்கு ஆளான புலைய இளைஞன் மிஷன் பள்ளியில் படித்து நீதிபதியாகத் திரும்பி வருகிறான். குஞ்ஞம்பு கிறிஸ்தவரே அல்ல. அந்த நாவல்களிலும் மனந்திரும்புதல்தான் முடிவு. ஆனால் மனந்திரும்ப வேண்டியவன் அடிபட்டவன் அல்ல, அடித்தவன். இந்த ஒரு மாற்றம் கதையின் அரசியலையே புரட்டிப் போட்டுவிடுகிறது.

பாட்டையும் சாதியையும் ஒரே மூட்டையில் கட்டியவர்கள்

தமிழில் ஏன் அது நடக்கவில்லை? திருச்சபைக்குள்ளேயே சாதிக்காக வாதாடிய எழுத்து வலுவாக இருந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெரும் கவிஞர். அவர் பாடல்கள் இன்றும் ஆலயங்களில் ஒலிக்கின்றன. 1829இல் அவர் புதிய மிஷனரிகளுக்கு எதிராக எழுதினார். எல்லாச் சாதியாரையும் வற்புறுத்தி ஒன்றாக்குவது, மறுப்பவர்களை இராப்போஜனத்திலிருந்து விலக்குவது, கல்யாணத்திலும் சாவிலும் பூவை நீக்குவது, தமிழ்ப் பாட்டையும் இசையையும் தடுப்பது ஆகியவை அவர் அடுக்கிய கொடுமைகள்.

கவனியுங்கள். பூவுக்கும் பாட்டுக்கும் அவர் வாதாடியது நியாயம். ஆனால் அதே மூட்டையில் சாதியையும் கட்டினார். 'எங்கள் பண்பாட்டில் கை வைக்காதே' என்று இன்றைக்கும் யாராவது சொன்னால், அந்த மூட்டையை அவிழ்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

நம் தென்னார்க்காட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. லைப்சிக் மிஷன் சாதியை ஒரு சமூக ஏற்பாடாகப் பார்த்துச் சகித்துக்கொண்டபோது, அதை எதிர்த்துப் பிரிந்தவர் கார்ல் ஒக்ஸ். 1860களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய பணி பிறகு டேனிஷ் மிஷனோடு இணைந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கேதான் இருக்கிறது. நம் பக்கத்துத் திருச்சபை ஒன்றின் தொடக்கத்திலேயே சாதி பற்றிய ஒரு சண்டை இருந்திருக்கிறது. சாட்சிப் புத்தக மேசையில் அந்தக் கதை கிடைக்காது.

1990களில் வந்த சாட்சிகள்

வேதநாயகம் பிள்ளையின் நாவல் வந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு தலித்துகளே எழுதினார்கள். துறவு மடத்துக்குள் கன்னியராகப் போய், அங்கேயும் சாதியைக் கண்டு வெளியே வந்த பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார். நேர்மையாகச் சொன்னால், நான் படித்த விசுவாசப் புத்தகங்களில் மிக உண்மையானது அதுதான். நம்பிக்கையை அவர் தூக்கி எறியவில்லை. நற்செய்தியில் உள்ள இயேசுவை வைத்தே மடத்தைக் கேள்வி கேட்கிறார். ஏழைகளுக்குச் சேவை என்று சொல்லிவிட்டுப் பணக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் இடத்தில், சேரிப் பெண் எதை விட்டுக்கொடுத்து வாழ வேண்டியிருக்கிறது என்று எழுதுகிறார். கடைசி அத்தியாயத்தில் மாடி வீடு வரவில்லை. வேலையும் இல்லாமல், நிச்சயமும் இல்லாமல் ஒரு பெண் வெளியே நிற்கிறாள். சாட்சி சொல்வது என்றால் அதுதான்.

1994இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நம் வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கம். அவர் கழுதூர்க்காரர், கள்ளக்குறிச்சியிலிருந்து வெகுதூரமில்லை. பேச்சு நம் பேச்சு. காலனிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தைச் சேர்ந்த ஆரோக்கியம்தான் நாவலின் மையம். அவள் கத்தோலிக்கப் பெண், நம்பிக்கை மிகுந்தவள். அவளைச் சுரண்டுவது ஊர்த்தெரு மட்டுமல்ல, நம் காலனியும்தான். இது தலித்துகளைக் கேவலப்படுத்துகிறது என்று நம்மில் சிலரே எதிர்த்தார்கள். நான் அதை ஏற்கவில்லை. நமக்குக் கீழேயும் ஒருவரை வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லும் புத்தகத்தைத் தாங்க முடியாவிட்டால், மேலே இருப்பவரைக் கேட்க நமக்கு என்ன யோக்கியதை?

பிறகு 2002இல் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' வந்தது. இது சிரிக்க வைக்கும் புத்தகம். கிறிஸ்தவப் பெயரோடும் பறையர் பிறப்போடும் படித்து வேலை தேடும் ஒரு பையனின் பாடு. தன்னையே கேலி செய்துகொண்டு எழுதியிருப்பதால் உபதேசம் கிடையாது. உபதேசம் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

எறையூரும் ஒரு சான்றிதழும்

இந்த மூன்று புத்தகங்களும் வெளிவந்த பிறகு, 2008 மார்ச் 9 அன்று எறையூரில் நடந்ததை மறக்கக் கூடாது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் உள்ள பழைய கத்தோலிக்க ஊர் அது. தலித் கிறிஸ்தவர்களின் சவ ஊர்வலம் பொதுத்தெரு வழியாகக் கோயிலுக்குப் போக முடியாது. கல்லறையும் தனி. தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்குங்கள் என்று அவர்கள் கேட்டுப் போராடினார்கள். வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் இருவர் இறந்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே ஜெபமாலையை உருட்டியவர்கள். ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

சட்டமும் இங்கே கைவிடுகிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் 3ஆம் பத்தி இந்துக்களை மட்டுமே பட்டியலில் வைத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரானவர் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர். பட்டியல் சாதி இடஒதுக்கீடு போகிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போகிறது. எறையூரில் சவத்தைத் தடுக்கும்போது மட்டும் அவர் பறையர். புகார் கொடுக்கப் போனால் அவர் கிறிஸ்தவர்.

இதே மாவட்டத்தில் கல்வராயன் மலைக்கு ஏறுங்கள். பழங்குடிகளுக்கான 1950ஆம் ஆண்டு ஆணையில் மத நிபந்தனை இல்லை. மலையாளிப் பழங்குடி ஒருவர் கிறிஸ்தவரானாலும், மதம் மாறியதாலேயே அவர் பழங்குடி நிலை பறிபோவதில்லை. மலையேறினால் ஒரு நியாயம், இறங்கினால் வேறு நியாயம். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. 2022இல் ஒன்றிய அரசு பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்துத் தீர்ப்பளித்தது. இந்த மண்ணில் ஒரு கிறிஸ்தவ நாவல் எழுத வேண்டும் என்றால் கதைக்கரு இங்கேயே கிடக்கிறது.

எப்படிப் படிப்பது?

இனி ஒரு விசுவாசப் புத்தகம் கையில் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் மனந்திரும்புகிறவர் யார், அடித்தவரா அடிபட்டவரா? கதை நடக்கும் ஊரில் கல்லறை ஒன்றா, இரண்டா? கடைசி அத்தியாயத்தில் மாறியது ஒரு குடும்பத்தின் நிலைமையா, ஒரு தெருவின் நிலைமையா?

இந்தக் கேள்விகளோடு வீட்டில் இருக்கும் சிறு புத்தகத்தையும் படியுங்கள், 'கருக்கு'வையும் படியுங்கள். முடிந்தால் இரண்டையும் அம்மாவோடு உட்கார்ந்து படியுங்கள். குடிக்கும் கணவனுக்காக முழங்காலில் நின்ற பெண்ணுக்கு, சாராயக்கடையை யார் நடத்தினார்கள் என்பதும் தெரியும். அவரிடம் அதை யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். தமிழில் அடுத்த நல்ல கிறிஸ்தவக் கதை அதிலிருந்து வரலாம்.