பொம்மைக் கீபோர்டில் பிறந்த தாளம்

கேசியோ என்றதும் பெரும்பாலானவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கைக்கடிகாரம். அடுத்தது கால்குலேட்டர். அதே நிறுவனம் 1981-ல் வெளியிட்ட ஒரு சின்னஞ்சிறு கீபோர்டு, உலகின் மறுகோடியில் இருந்த ஒரு தீவின் இசையையே திசை மாற்றியது என்றால் நம்பச் சற்றுக் கடினம்தான். கீபோர்டின் பெயர் எம்.டி-40. தீவு ஜமைக்கா. பாட்டின் பெயர் 'அண்டர் மீ ஸ்லெங் டெங்'.

கணக்கில் இருந்து இசைக்கு

கேசியோவைத் தொடங்கியவர்கள் டடாவோ, டோஷியோ, கசுவோ, யுகியோ என்ற கஷியோ சகோதரர்கள் நால்வர். 1957-ல் இவர்கள் கொண்டுவந்த 14-ஏ என்ற கணிப்பானில் 340-க்கும் மேற்பட்ட ரிலேக்கள் இருந்தன. ஒரு மேசை அளவுக்குப் பெரியது அது! பதினைந்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1972-ல் வந்த கேசியோ மினி கால்குலேட்டரின் விலை 12,800 யென். அலுவலகச் சொத்தாக இருந்த கால்குலேட்டர், தனி மனிதர் வாங்கும் பொருளானது. சில்லுகளின் விலை விழுந்ததுதான் இதற்குக் காரணம்.

சகோதரர்களில் கண்டுபிடிப்பாளரான டோஷியோவுக்கு இசையில் ஆர்வம் அதிகம். எண்களைக் கூட்டும் சில்லை ஸ்வரம் எழுப்பவும் பழக்கலாம் என்ற எண்ணத்தில் 1980-ல் வந்ததுதான் கேசியோடோன் 201. அதைத் தொடர்ந்த வி.எல்-1 இன்னும் வேடிக்கையானது. பாதி கால்குலேட்டர், பாதி கீபோர்டு. கட்டைகளுக்குப் பதில் பொத்தான்கள். 1982-ல் ஜெர்மனியின் டிரியோ குழு 'டா டா டா' பாட்டில் இதன் தாளத்தைப் பயன்படுத்தியது. பாட்டு ஐரோப்பா எங்கும் ஓடியது.

அந்தக் காலத்தில் சிந்தசைசர் என்பது பணக்காரச் சமாச்சாரம். 1981-ல் வந்த ரோலண்ட் ஜூபிடர்-8 கருவியின் விலை 5,000 டாலருக்கு மேல். எம்.டி-40 சுமார் 150 டாலர். அந்த விலைக்குக் கிடைத்தவை 37 சிறிய கட்டைகள், இடப்பக்கம் கீழ் ஸ்தாயிக்கு என்று 15 பொத்தான்கள், 22 ஒலிகள், 6 தாளங்கள். பார்த்தால் குழந்தைகள் விளையாட்டுச் சாமான் போலத்தான் இருக்கும்.

ஹிரோகோ ஒகுடா

எம்.டி-40 கருவிக்குத் தாளங்களை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா. டோக்கியோவின் குனிடாச்சி இசைக் கல்லூரியில் படித்துவிட்டு 1980-ல் கேசியோவில் சேர்ந்தவர். இந்தத் தாளங்கள் அவர் சேர்ந்த புதிதில் செய்த வேலை.

இங்கேதான் ஒரு விசித்திரம். ஒகுடா கல்லூரியில் ஆய்வுக் கட்டுரை எழுதியது ரெகே இசை பற்றி! 1979-ல் பாப் மார்லி ஜப்பானில் கச்சேரி செய்த காலம் அது. ஆனால் அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்த வேலையில் ரெகே தாளம் கிடையாது. 'ராக்' என்ற பொத்தானுக்கு ஒரு தாளம் வேண்டும் என்றார்கள், செய்து கொடுத்தார். அது எந்தப் பாட்டைத் தழுவியது என்று ரசிகர்கள் பல ஆண்டுகள் விவாதித்தார்கள். 1970-களின் பிரிட்டிஷ் ராக் பாட்டு ஒன்றிலிருந்து வந்த தூண்டுதல் என்று பிற்காலப் பேட்டிகளில் ஒகுடாவே சொன்னார். ரெகேயில் ஊறிய காது ராக் தாளத்தை அமைத்தபோது, அவர் அறியாமலே அதற்குள் ரெகேயின் நடை கொஞ்சம் புகுந்துவிட்டது போலும்.

கிங்ஸ்டன் நகரில்

ஜமைக்காவின் இசை வளர்ந்தது மேடையில் அல்ல, தெருவில். அங்கே 'சவுண்ட் சிஸ்டம்' என்பார்கள். நம்மூர் மைக்செட் மாதிரி, ஆனால் பல மடங்கு பெரிய ஸ்பீக்கர் அடுக்குகளோடு தெருவில் இறங்குவார்கள். ஒரே இடத்தில் இரண்டு குழுக்கள் எதிரெதிரே நின்று போட்டி போடுவதும் உண்டு. யாருடைய பாட்டுக்குக் கூட்டம் ஆடுகிறதோ அவருக்கே வெற்றி.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த பின்னணியை 'ரிட்டிம்' என்பார்கள். ஒரே ரிட்டிம் மேல் பத்துப் பாடகர்கள் பத்து விதமான பாட்டுப் பாடலாம். தமிழில் பழைய பாட்டுப் புத்தகங்களில் தலைப்புக்குக் கீழே இன்ன வர்ணமெட்டு என்று போட்டு, தெரிந்த மெட்டில் புதுப் பாட்டை அச்சடித்து விற்றார்களே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். ஆனால் ஒரு புது ரிட்டிம் வேண்டுமென்றால் ஸ்டுடியோ பிடிக்க வேண்டும், வாத்தியக்காரர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஏழைப் பேட்டையில் வளரும் ஒரு இளைஞனுக்கு அது எட்டாக் கனி.

அப்படி ஒரு இளைஞன்தான் வெய்ன் ஸ்மித். 1965-ல் பிறந்தவர். அவருடைய நண்பர் நோயல் டேவியிடம் ஒரு எம்.டி-40 இருந்தது. இருவரும் அதை நோண்டிக்கொண்டிருந்தபோது இந்தத் தாளம் அகப்பட்டது. செய்முறை மிகச் சுலபம். தாளத்தை 'ராக்' நிலையில் வைத்து, 'சிங்க்ரோ' பொத்தானை அழுத்தி, பேஸ் பொத்தான்களில் இடமிருந்து இரண்டாவதான 'டி'யைத் தொட்டால் போதும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்தே ஓட ஆரம்பிக்கும்.

இருவரும் கீபோர்டை எடுத்துக்கொண்டு வாட்டர்ஹவுஸ் பகுதியில் ஸ்டுடியோ வைத்திருந்த தயாரிப்பாளர் ஜாமியிடம் போனார்கள். லாயிட் ஜேம்ஸ் என்பது இவருடைய இயற்பெயர். கிங் டப்பி என்ற ஒலிப்பதிவு மேதையிடம் தொழில் கற்றவர். ஜாமி செய்தது சிறிய மாற்றம்தான். தாளத்தின் வேகத்தைக் குறைத்தார். மேலே பியானோவும் கைத்தட்டல் ஒலியும் சேர்த்தார். ராக் தாளம் ரெகே ஆனது! கஞ்சாவைப் பற்றிய வரிகளை அதன் மேல் ஸ்மித் பாடினார்.

1985 பிப்ரவரி 23 அன்று கிங்ஸ்டனின் வால்தம் பார்க் சாலையில் ஜாமியின் குழுவுக்கும் பிளாக் ஸ்கார்பியோ குழுவுக்கும் போட்டி. ஜாமி இந்தப் பாட்டை எடுத்துவிட்டார். டிரம்ஸ் அடித்தவர் இல்லை, பேஸ் வாசித்தவர் இல்லை. இப்படி ஒரு சத்தத்தை அந்தக் கூட்டம் அதற்கு முன் கேட்டதில்லை. போட்டி அத்தோடு முடிந்தது.

பிறகு வெள்ளம்தான். டெனர் சாவின் 'பம்ப்கின் பெல்லி', ஜானி ஆஸ்போர்னின் 'படி பை' என்று அதே ரிட்டிம் மேல் பாட்டுகள் குவிந்தன. இன்றுவரை சேர்த்தால் நூற்றுக்கணக்கில் தேறும். குருவான கிங் டப்பியும் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு 'டெம்போ' என்ற தன்னுடைய மின்னணு ரிட்டிமைக் கொண்டுவந்தார். ஸ்லெங் டெங் வருவதற்கு முன்பே ரெகேயில் டிரம் மெஷின் உண்டு. ஆனால் முழுப் பின்னணியும் இயந்திரமாகவே இருந்து ஊரையே ஆட்டியது இதுதான். டான்ஸ்ஹால் என்ற இசை வகை கணினி யுகத்துக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

கையில் காசில்லாத பாடகர்களுக்கு இது விடுதலை. ஒரு கீபோர்டும் ஒரு ஆளும் இருந்தால் ரிட்டிம் தயார். ஆனால் அதே காரணத்தால், ஸ்டுடியோ கூலியை நம்பியிருந்த டிரம்ஸ்காரர்களின், பேஸ் கிட்டார்காரர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. அதற்கு முன்பு பெரும்பாலான ரெகே பதிவுகள் ரூட்ஸ் ராடிக்ஸ் போன்ற சில வாத்தியக் குழுக்களின் கையில் இருந்தன. மாறத் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள். ரூட்ஸ் ராடிக்ஸில் கீபோர்டு வாசித்த ஸ்டீலியும், டிரம்ஸ் கலைஞரான கிளீவியும் ஜோடி சேர்ந்து, இயந்திரத்தையே வாத்தியமாக்கிக்கொண்டு ஜாமியின் ஸ்டுடியோவில் கொடிகட்டிப் பறந்தார்கள்.

அப்படியானால் இந்தத் தாளம் யாருக்குச் சொந்தம்? அமைத்தது ஒகுடா. விற்றது கேசியோ. கண்டெடுத்தது டேவியும் ஸ்மித்தும். உருமாற்றியது ஜாமி. ஜமைக்காவில் தனக்கென்று ஒரு பதிப்புரிமைச் சட்டம் வந்ததே 1993-ல்தான். அதற்கு முன் ரிட்டிம் என்பது ஊர்க் கிணறு மாதிரி. யார் வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளலாம். தன் தாளம் ஜமைக்காவில் இப்படி ஓடுவதை ஒகுடா 1986-ல் ஒரு ஜப்பானிய இசை இதழில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். கேசியோ இதற்காகப் பணம் கேட்டுப் போகவில்லை.

இதோடு ஒப்பிட இன்னொரு சம்பவம் உண்டு. ஸ்டீலியும் கிளீவியும் 1989-ல் 'ஃபிஷ் மார்க்கெட்' என்ற ரிட்டிமைச் செய்தார்கள். பிற்காலத்தில் ரெகேட்டோன் இசை முழுவதும் ஒலிக்கும் தாளத்துக்கு அதுவே மூலம் என்று சொல்லி, 2021-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் கிளீவியும், மறைந்த ஸ்டீலியின் சார்பிலும் வழக்குத் தொடர்ந்தார்கள். ஊர்க் கிணற்றில் இறைத்தவர்களே இப்போது கிணற்றுக்கு வேலி போடுகிறார்களே என்று கேட்கத் தோன்றும். ஆனால் கேசியோவின் சரக்கு கீபோர்டு. தாளத்தை இலவசமாக விட்டால் அதற்கு நஷ்டமில்லை, விளம்பரம்தான். தாளத்தை மட்டுமே சரக்காக வைத்திருக்கும் கலைஞனுக்கு அந்த வசதி கிடையாது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது.

வெய்ன் ஸ்மித் 2014 பிப்ரவரியில் 48 வயதில் கிங்ஸ்டனில் காலமானார். ஒகுடா பல பத்தாண்டுகள் கேசியோவிலேயே பணிபுரிந்தார், இசையைக் காட்சியாக மாற்றும் தொழில்நுட்பத்திலும் உழைத்தார். ஒரு கருவியை உண்டாக்குபவருக்கு அது எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. வீட்டில் குழந்தைகள் தட்டிப் பழகட்டும் என்று மலிவாகச் செய்த பொருளில், வாத்தியம் வாங்க வழியில்லாத இரண்டு இளைஞர்கள் ஒரு முழு வாத்தியக் குழுவையே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அந்த 5,000 டாலர் கருவி மட்டுமே கடையில் இருந்திருந்தால் இந்தப் பாட்டு பிறந்திருக்கவே வாய்ப்பில்லை.