ஆம்பூர்க் களமும் வாலாஜா அரசமரபும்

தோல் பதனிடும் தொழிலால் இன்று உலகச் சந்தையில் பெயர் பெற்று விளங்கும் ஆம்பூர், 1749ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் தென்னிந்திய வரலாற்றின் போக்கையே மாற்றிய போர்க்களமாக இருந்தது. கர்நாடக நவாப் அன்வருத்தீன் கான் யானை மீதமர்ந்து போரிட்டவாறே அன்று குண்டடிபட்டு மாண்டார். வாலாஜா மரபின் முதல்வர் அவர். முதல்வரே களத்தில் வீழ்ந்த பின்னரும் அம்மரபு அழிந்துவிடவில்லை. அவ்வாறு வாளுக்குத் தப்பிய மரபு பின்னர் எதனால் வீழ்ந்தது என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழையும் பொருள்.

கர்நாடக நவாபு ஆட்சி, பேரரசர் ஔரங்கசீப் காலத்துச் செஞ்சி முற்றுகையின்போது தோன்றியது. 1710இல் பொறுப்பேற்ற நவாயத் குலத்தவரான சஆதத்துல்லா கான் ஆற்காட்டிலிருந்து ஆட்சியை நிலைப்படுத்தினார். அவருக்குப்பின் வந்த தோஸ்த் அலி கான் 1740இல் மராத்தியருடன் நிகழ்ந்த போரில் கொல்லப்பட்டார். அவர் மகன் சப்தர் அலி 1742இல் வேலூரில், கோட்டையின் கில்லேதாராக இருந்த சொந்த மைத்துனர் முர்த்தஸா அலியின் சூழ்ச்சிக்கு இரையானார். சப்தர் அலியின் இளமகனும் 1744இல் கொலையுண்டபின், ஹைதராபாத் நிஜாமுல் முல்க்கின் நியமனத்தால் கோபாமவு ஊரினரான அன்வருத்தீன் நவாபானார்.

1748இல் நிஜாம் மறைந்ததும் வாரிசுப் போட்டி மூண்டது. தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாஹிப், முஸப்பர் ஜங், பிரெஞ்சுக்காரர் ஆகியோரின் கூட்டுப் படைதான் ஆம்பூரில் அன்வருத்தீனை வீழ்த்தியது. மூத்த மகன் மஹ்பூஸ் கான் சிறைப்பட்டார். இளைய மகன் முஹம்மத் அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பிச் சென்று ஆங்கிலேயரின் துணையை நாடினார். 1751இல் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றினார். 1752இல் சந்தா சாஹிப் கொல்லப்பட்டார். 1763ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை முஹம்மத் அலியையே நவாபாக ஏற்றது. 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அளித்த பர்மான் அவரை நிஜாமின் மேலாண்மையிலிருந்து விடுவித்தது.

ஆயினும் இவ்வெற்றிக்கு அவர் கொடுத்த விலை பெரிது. போர்ச் செலவுகள் அவர் கணக்கிலேயே எழுதப்பட்டன. 1763இல் செங்கல்பட்டுப் பகுதி கம்பெனிக்கு ஜாகீராகச் சென்றது. கம்பெனி ஊழியர் பலர் தனிப்பட்ட முறையில் அவருக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தனர். பயிர் விளையும் முன்னரே வரி வருவாய் அவர்களுக்கு ஈடானது. 1767இல் ஒன்றுதிரட்டப்பட்ட கடனுக்கு மட்டும் வட்டி 10 விழுக்காடு. 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இக்கடன்களைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். வட்டியை ஹராமாக்கிய மார்க்கத்தைச் சேர்ந்த ஓர் அரசின் கருவூலமே வட்டிக்காரர் கைக்குச் சென்றதை நாம் வேதனையோடுதான் நோக்க வேண்டியுள்ளது.

அவருடைய நற்பணிகளை மறைப்பதும் நீதியன்று. லக்னோவின் பிரங்கி மஹல் மரபில் வந்த பஹ்ருல் உலூம் அப்துல் அலி (ரஹ்) அவர்களைச் சென்னைக்கு வரவழைத்து ஆதரித்தவர் அவரே. வேலூரில் பிறந்த பன்மொழிப் புலவர் மவ்லானா பாகிர் ஆகாஹ் அவர்களும் அவர் ஆதரவைப் பெற்றார்கள். 1795இல் எழுந்த திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது.

அதே ஆண்டில் அவர் மறைய, மகன் உம்தத்துல் உமரா நவாபானார். ஸ்ரீரங்கப்பட்டணம் 1799இல் வீழ்ந்தபின், திப்பு சுல்தானுடன் இரகசியக் கடிதத் தொடர்பு இருந்ததென நவாபுகள்மீது கம்பெனி குற்றம் சாட்டியது. 1801இல் உம்தத்துல் உமரா இறந்தார். கம்பெனியின் நிபந்தனைகளை அவர் மகன் மறுக்கவே, அஸீமுத்தௌலா அரியணை ஏறினார். நிகர வருவாயில் ஐந்திலொரு பங்குக்கு ஈடாக ஆட்சி முழுவதும் கம்பெனியிடம் சென்றது. வேலூரும் ஆம்பூரும் அவ்வாறே கைமாறின. 1855இல் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்ததும் டல்ஹௌசி நவாபுப் பட்டத்தையும் நீக்கினார். பின்னாளில் எஞ்சியது ‘அமீரே ஆற்காடு’ என்னும் சிறப்புப் பட்டமே.

களத்தில் ஏற்பட்ட தோல்வியிலிருந்து மீண்ட மரபு, கணக்கேட்டில் ஏற்பட்ட தோல்வியிலிருந்து மீளவில்லை. அதே ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924இல் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவியவர் மன்னரல்லர். தோல் வணிகரான காக்கா முஹம்மத் உமர் அவர்கள். கடன்பட்டுக் காத்த அரியணை மறைந்தது. உழைத்து ஈட்டிய பொருளால் எழுந்த கல்விக்கூடம் நிலைத்தது. நம் சமுதாயம் நெஞ்சில் நிறுத்த வேண்டிய பாடம் இதுவே.