குடியாத்தமும் காமராசரின் மக்கள் நல அரசும்

நோயிலும் முதுமையிலும் வேலையற்ற காலத்திலும் குடிமக்களைக் காப்பதைத் தன் கடமையாக ஏற்கும் அரசே மக்கள் நல அரசு எனப்படும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் அட்லி தலைமையில் உருவான அத்தகைய அரசின் உதவித்தொகைகள், தொழிலாளரும் முதலாளியும் வாரந்தோறும் செலுத்திய காப்பீட்டுத் தொகையைப் பெரிதும் சார்ந்திருந்தன. சென்னை மாநிலத்தில் காமராசர் வகுத்த வழி வேறு; அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய வட ஆர்க்காட்டு மண்ணின் தொழில் வாழ்க்கையை நோக்கினால் அதன் காரணம் விளங்கும்.

1954 ஏப்ரல் 13 அன்று முதலமைச்சரான காமராசர், அவருக்கு முன் அப்பதவியிலிருந்த இராஜாஜியைப் போல மேலவை உறுப்பினராக இருந்து ஆளாமல், குடியாத்தம் இடைத்தேர்தலில் மக்களைச் சந்தித்து வென்றார். பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் சிற்றூர்ப் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வகைசெய்த 1953ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்வித் திட்டம், 'குலக்கல்வி' என்று எதிர்க்கப்பட்ட அத்திட்டம், அவர் ஆட்சியில் கைவிடப்பட்டது.

குடியாத்தத்தைப் போலவே வட ஆர்க்காட்டைச் சேர்ந்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் அந்த முடிவுக்குத் தனிப்பொருள் உண்டு. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை மயிர் நீக்கி, சதை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிடும் தோல் ஷாப்பு வேலை, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கி வந்தது. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தன் அட்டவணையில் தோல் பதனிடுதலைப் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. அதே ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமோ, மின்விசை போன்ற ஆற்றலால் இயங்கி இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலைகளுக்கென எழுதப்பட்டது. சிறு ஷாப்பில் நாட்கூலிக்கு நிற்பவரைச் சந்தா செலுத்தும் காப்பீடு எட்டுவது அரிது.

ஆனால் 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுக்குப் பெற்றோரின் வேலைப் பதிவேடு தேவைப்படவில்லை. பிள்ளை பள்ளிக்கு வந்தால் போதும். பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் ஊரார் நன்கொடையும் அரசின் மானியமும் சேர்ந்து அந்த அடுப்புகளை எரியச் செய்தன. 1962இல் ஆதரவற்ற முதியோருக்கு வந்த ஓய்வூதியத்துக்கும் சந்தா கேட்கப்படவில்லை.

உழைப்பவரில் பெரும்பாலோர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத நாட்டில், கூலியைப் பற்றிக்கொண்டு நல அரசு வளர முடியாது என்பதைக் காமராசரின் ஆட்சி உணர்ந்து செயல்பட்டது. பள்ளியில் உண்ட ஒரு வேளைச் சோறு, தந்தையின் குழிக்குள் இறங்காமல் வேறொரு வாழ்வைத் தேடும் உரிமையைப் பிள்ளைக்கு அளித்தது. அதுவே அந்த ஆட்சியின் மிகப் பெரிய நலத்திட்டம்.