பவளத் தொட்டிக்கு ஒளி அமைத்தல்

பவளத் தொட்டி என்பது, வெப்ப மண்டலக் கடல்களின் பவளத் திட்டுகளில் வாழும் பவளங்களையும், அவற்றை அண்டி வாழும் மீன், சிப்பி, இறால் முதலிய பிராணிகளையும் உப்பு நீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கும் அமைப்பாகும். மீன் மட்டும் வளரும் தொட்டியில் விளக்கு பார்ப்பவர் கண்ணுக்காக ஏற்றப்படுகிறது. பவளத் தொட்டியிலோ அதுவே பவளத்தின் ஆகாரத்துக்கு மூலமாக நிற்பதால், நீரின் உப்பு, சுண்ணாம்புச் சத்து, உஷ்ணம் ஆகியவற்றுக்குச் சமமான கவனம் அதற்கும் உரியது. எனவே விளக்கு வாங்கப் புகுவோர், தாம் வளர்க்க விரும்பும் பவளம் கடலில் எந்த ஆழத்தில், எத்தகைய வெளிச்சத்தில் வாழும் சுபாவமுடையது என்பதை முதலில் அறிந்துகொள்வது அவசியம்.

பவளமும் ஒளியும்

பவளம் பிராணி வகையைச் சேர்ந்ததாயினும், திட்டுகளைக் கட்டும் பவளங்களின் திசுக்களுக்குள் ஒற்றை உயிரணுவாலான நுண்பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. சூவோசாந்தெல்லா என்று வழங்கும் இவை, பகலில் சூரிய கிரணங்களைக் கொண்டு ஒளிச்சேர்க்கை நடத்தித் தாம் உண்டாக்கும் உணவில் பெரும்பகுதியைத் தமக்கு இடந்தந்த பவளத்துக்கே வழங்கிவிட, பவளமும் தன் சுவாசத்தில் வெளிப்படும் கரியமில வாயுவையும் கழிவிலுள்ள நைட்ரஜன் சத்தையும் அவற்றுக்குக் கைம்மாறாக அளிக்கிறது. 1928-29-ல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃப் பகுதிக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவின் தலைவரான சி. எம். யங், பவளம் நீரில் மிதந்து வரும் சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்றே வாழ்கிறது என்னும் அபிப்பிராயம் கொண்டிருந்தார். பிற்காலத்தில் லெனர்டு மஸ்கட்டீன் முதலியோர் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு நடத்திய சோதனைகள், பாசி சமைத்த உணவு அதைத் தாங்கும் பிராணியின் உடலுக்குள் செல்வதை ஐயமின்றி நிறுவின. ஜமெய்க்காவில் ஆராய்ந்த தாமஸ் கோரோ, பவளம் தன் சுண்ணாம்பு எலும்பை இருளில் கட்டுவதைவிட ஒளியில் மிக விரைவாகக் கட்டுகிறது என்பதை 1959-ல் எடுத்துக்காட்டினார்.

எல்லாப் பவளங்களும் இவ்வாறு ஒளியை நம்பி இருப்பன அல்ல. டியூபாஸ்ட்ரியா போன்ற சில, பாசி இன்றி, இரையைப் பிடித்தே ஜீவிப்பதால், அவற்றுக்கு எவ்வளவு சிறந்த விளக்கும் பயன்படாது. தவறாமல் இரையூட்டுவதே அவற்றைக் காக்கும். பெருஞ்சிப்பியாகிய டிரைடாக்னாவோ பவளம் அல்லாதிருந்தும் அதே பாசியைத் தன் சதையில் தாங்குவதால், பவளத்தைப் போலவே ஒளியை வேண்டி நிற்கிறது.

கடலின் ஒளி

சூரிய ஒளி கடல் நீருக்குள் இறங்க இறங்க அதன் அளவு குறைவதோடு வர்ணக் கலவையும் மாறுகிறது. சிவப்புக் கிரணங்களை நீர் விரைவில் உறிஞ்சிக்கொள்வதால் அவை முதல் 10 மீட்டருக்குள்ளாகவே பெரும்பாலும் மறைந்துபோக, ஆரஞ்சும் மஞ்சளும் அவற்றைத் தொடர்ந்து தேய, நீலமே தெளிந்த கடலில் மிக ஆழத்துக்கு ஊடுருவிச் செல்கிறது. பவளத்தில் வாழும் பாசியும் இந்த நீல உலகத்துக்கு ஏற்றவாறே அமைந்திருக்கிறது. அதனிடமுள்ள இருவகைப் பச்சையங்களும், பெரிடினின் என்னும் நிறமியும் சேர்ந்து, ஏறத்தாழ 400 முதல் 550 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஊதா, நீலம், நீலப்பச்சைக் கிரணங்களைத் திறம்பட ஏற்றுக்கொள்கின்றன. அரை மீட்டர் ஆழமே உள்ள தொட்டியின் நீருக்குச் சிவப்பை வடிகட்டும் வலிமை இல்லை. ஆதலால் கடலில் பத்துப் பதினைந்து மீட்டர் நீர் செய்யும் வேலையை, நீலம் மிகுந்த ஒளியைத் தானே தருவதன் மூலம், தொட்டியில் விளக்கு செய்ய வேண்டியிருக்கிறது.

ஒளியின் அளவு

ஒரு லிட்டர் நீருக்கு இத்தனை வாட் என்னும் பழைய கணக்கு, விளக்கு உண்ணும் மின்சாரத்தைச் சொல்லுமேயன்றிப் பவளத்தின்மேல் விழும் ஒளியைச் சொல்லாது. லக்ஸ், லூமன் என்னும் அளவுகளும், 555 நானோமீட்டரை ஒட்டிய பசுமஞ்சள் ஒளியையே மிகுதியாக உணரும் மனிதக் கண்ணைப் பிரமாணமாகக் கொண்டவை. நீல விளக்கு மங்கலாகத் தோன்றிய போதிலும் பவளத்தை வாட்டிவிடுவதற்குக் காரணம் இதுவே. ஆகவே 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் கதிர்வீச்சை, ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு விழும் மைக்ரோமோல் கணக்கில் காட்டும் பார் மீட்டரை நீருக்குள் இறக்கி அளப்பதே நம்பத்தக்க முறை. இக்கருவிகளுள் சில நீல ஒளியைக் குறைத்துக் காட்டுமாதலால், எல்.இ.டி. விளக்குக்கு ஏற்ற கருவியைக் கேட்டு வாங்குதல் நன்று.

வெப்ப மண்டலத்தின் நண்பகலில் கடற்பரப்பின்மேல் விழும் ஒளி ஏறத்தாழ 2,000 மைக்ரோமோல் ஆகும். தொட்டியில் அதில் ஒரு சிறு பங்கே போதுமானது. டிஸ்கோசோமா முதலிய காளான் பவளங்களும் மெல்லுடற் பவளங்களுள் பலவும் 50 முதல் 100 வரையிலும், பெரிய தசைப்பற்றுள்ள யூஃபிலியா போன்றவை 80 முதல் 150 வரையிலும், அலை மோதும் மேல்தளத்தில் வளரும் மான்கொம்புப் பவளமாகிய அக்ரோபோரா, மொண்டிபோரா முதலியவை 200 முதல் 350 வரையிலும் செழிப்பாக வளர்வது வளர்ப்போரின் பொது அனுபவம்.

ஒளி குறைந்தால் பாசி பெருகிப் பவளம் கபில நிறம் அடைகிறது, வளர்ச்சியும் தளர்கிறது. ஓர் எல்லைக்குமேல் ஒளி மிகுந்தாலோ, ஒளிச்சேர்க்கை உயராமல் நிற்பதோடு, தேவைக்கு மிஞ்சிய சக்தி உயிரணுவுக்குள் கொடிய ஆக்ஸிஜன் சேர்மங்களை உண்டாக்க, பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளிறிப்போகிறது. குறைவான ஒளியால் வரும் தீங்கு மெல்லப் புலப்படுவது. மிகுதியால் வருவது சில நாட்களிலேயே பவளத்தை மாய்க்கவல்லது. ஐயம் நேரும்போது குறைந்த அளவிலிருந்து தொடங்குவதே விவேகம்.

வர்ணமும் காலமும்

விளக்கின் வர்ணத்தைக் கெல்வின் அளவில் குறிப்பது வழக்கம். 6,500 கெல்வின் பகல் வெளிச்சத்தை ஒத்தது; 10,000 சற்று நீலம் பாய்ந்த வெண்மை; 20,000 ஆழ்ந்த நீலம். இவற்றுள் 10,000-க்கும் 20,000-க்கும் இடைப்பட்டவையே பவளத் தொட்டிக்குப் பெரிதும் பயன்படுகின்றன. நீலத்தின் கீழ்ப் பவளங்கள் பச்சையும் சிவப்புமாகச் சுடர்விடுவது, அவற்றின் உடலிலுள்ள சில புரதங்கள் நீலக் கிரணத்தை ஏற்று நீண்ட அலைநீளமுள்ள ஒளியாக வெளிவிடுவதால் ஆகும். அந்த அழகு ஆரோக்கியத்துக்கு அடையாளம் ஆகாது என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

பவளத் திட்டுகளுள் பெரும்பாலானவை பூமத்திய ரேகையின் இருபுறமும் அமைந்திருப்பதால், அங்கே பகல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம் நீடிக்கிறது. தொட்டியிலும் விளக்கு 10 முதல் 12 மணி நேரம் எரியலாம். அதில் முழு ஒளி 6 முதல் 8 மணி நேரமாகவும், முன்னும் பின்னும் படிப்படியாக ஏறி இறங்குவதாகவும் டைமரால் ஒழுங்குபடுத்துவது முறை. 300 மைக்ரோமோல் ஒளி 10 மணி நேரம் விழுந்தால், அந்நாளில் ஒரு சதுர மீட்டர் பெறுவது 10.8 மோல் என்று கணக்கிட்டால், அளவும் காலமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் விதம் விளங்கும். இரவின் இருளும் பகலின் ஒளியைப் போலவே வேண்டப்படுவது. பல பவளங்கள் தம் உணர்கொம்புகளை விரித்து இரை தேடுவது அப்பொழுதுதான்.

விளக்கு வகைகள்

சூரியனையே விளக்காகக் கொள்ளும் முறை இன்றும் வழக்கில் உள்ளது. ஹவாயின் வைக்கீகி மீன் காட்சிச்சாலை திறந்தவெளித் தொட்டிகளில் பவளம் வளர்த்துப் புகழ்பெற்றது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் 1987-ல் திறக்கப்பட்ட பெருந்தொட்டியும் வானொளியை நேரே பெற்றது. சூரியன் தாழ்ந்து செல்லும் வட நாடுகளிலோ செயற்கை விளக்கு இன்றியமையாததாயிற்று.

மெட்டல் ஹாலைடு விளக்கு 1980-களில் பெர்லின் நகரத்து ஆர்வலர்களால் பெயர் பெற்றது. 150, 250, 400 வாட் அளவுகளில் கிடைக்கும் இது, ஒரே புள்ளியிலிருந்து பாய்வதால், கடலடியில் காணும் ஒளிநெளிவுகளை மணலின்மேல் அப்படியே தோற்றுவிக்கிறது. மிகுந்த உஷ்ணத்தை வெளிவிடுவதும், புறஊதாக் கிரணத்தைத் தடுக்கும் கண்ணாடி மூடியை வேண்டுவதும், ஓராண்டுக்குள் வர்ணம் திரிந்து பல்பை மாற்ற நேர்வதும் இதன் குறைகள்.

டி5 என்னும் 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழல் விளக்குகள், தனித்தனிப் பிரதிபலிப்பான்களுடன் வரிசையாக அமைக்கப்படுகையில், நிழல் விழாதவாறு பரவலான ஒளியைத் தருகின்றன. கிளை நெருங்கிய பவளத்தின் அடிப்பகுதியும் வெளுக்காமல் வளர்வது இவற்றின் கீழ்தான் எளிது. இவையும் ஏறத்தாழ ஓராண்டுக்கு ஒருமுறை மாற்றத்தக்கவை.

எல்.இ.டி. விளக்கு இன்று பெருவழக்காகிவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் அகாசாகி, அமனோ, நாகமுரா ஆகிய மூவர் கண்ட திறன்மிக்க நீல எல்.இ.டி.யே இதற்கு அடிப்படை. அதற்காக 2014-ல் அவர்கள் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள். மின்செலவு குறைவு, நீண்ட ஆயுள், ஒவ்வொரு வர்ணத்தையும் வேண்டியவாறு ஏற்றி இறக்கும் வசதி ஆகியவை இதன் குணங்கள். ஒளி ஓரிடத்தில் குவிந்து மற்றோரிடத்தில் நிழலிடுவது இதன் குறை. ஒரே பெரிய விளக்குக்குப் பதிலாகப் பல சிறு விளக்குகளைப் பரப்பியும், ஓரங்களில் டி5 குழல்களைச் சேர்த்தும் இதனை நிவர்த்திக்கலாம்.

நிறுவும் முறை

விளக்கை நீர்ப்பரப்புக்கு 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, தொட்டியின் அடி, நடு, மேல் ஆகிய தளங்களில் ஒளியை அளந்து, அவ்வளவுக்கு இசைந்த பவளங்களை அந்தந்தத் தளத்தில் வைப்பது கிரமம். புதிய பவளத்தை முதலில் அடியில் வைத்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும். பழைய விளக்குக்குப் பதில் புதியதை மாட்டும்போதும், பாதிக்கு மேற்படாத பிரகாசத்தில் தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டுவதே தக்கது. பவளம் தன் பாசியையும் நிறமிகளையும் திருத்திக்கொள்ள அவ்வளவு காலம் ஆகும். உப்பு நீர் தெறிக்கும் இடமாகையால், மின்கசிவு நேர்ந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் இன்றி எந்த விளக்கையும் ஏற்றலாகாது.

ஒளியும் இனப்பெருக்கமும்

பல பவளங்கள் ஆண்டில் சில இரவுகளில் மட்டும், சந்திரனின் கலையை ஒட்டி, முட்டையும் விந்தும் நீரில் விடுகின்றன. லண்டனிலுள்ள ஹார்னிமன் அருங்காட்சியகத்தார், பருவத்துக்கேற்ற உஷ்ணம், பகலின் நீளம், நிலவின் வளர்பிறை தேய்பிறை ஆகியவற்றைத் தொட்டியில் படிமுறையாக அமைத்து, அக்ரோபோராவை அங்கேயே முட்டையிடச் செய்த செய்தியை 2017-ல் வெளியிட்டார்கள். அவர்களுடைய துணையோடு ஃபுளோரிடா மீன் காட்சிச்சாலையார், அப்பகுதிக் கடலில் நோயால் அருகிவிட்ட தூண் பவளத்தை 2019 ஆகஸ்டில் அதே முறையில் இனம்பெருக்கினார்கள். வீட்டுத் தொட்டிகளில் பயின்று தேர்ந்த ஒளிக்கலை அழிந்துவரும் பவளத் திட்டுகளைக் காக்கும் கருவியாக உயர்ந்திருப்பதால், அதைக் கருத்தோடு கற்பது ஒவ்வொரு வளர்ப்பாளரின் கடமையாகும்.