தால்சிம் முதல் வெண்பா வரை: வீடியோ கேமில் நம்ம முகம்

1/
ஸ்கூல் படிக்கும்போது தென்காசியில மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து வீடியோ கேம் ஆடியிருக்கேன். அதுல எங்களுக்குத் தெரிஞ்ச 'நம்ம ஊர் ஆளு' ஒரே ஒருத்தர்தான். தால்சிம்.

2/
ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991-ல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் வரும் இந்தியர் அவர். எலும்பும் தோலுமான உடம்பு, ரப்பர் மாதிரி நீளும் கை கால், வாயில் நெருப்பு, கழுத்தில் மண்டை ஓடுகள். பின்னாடி வரிசையா யானைகள்.

3/
அந்த மண்டை ஓடுகள் யாருடையது? அவர் கிராமத்தில் கொள்ளைநோயில் இறந்த பிள்ளைகளுடையதுன்னு கதை. கெட்டவராகக் காட்டலை, ஊருக்காகச் சண்டை போடுற நல்லவர்தான். ஆனா டாக்டரான பிறகு இதைப் படிச்சப்ப மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. செத்த பிள்ளைங்க அங்க வெறும் கழுத்தணி.

4/
32 வருஷம் கழிச்சு, 2023-ல் வந்தது 'வெண்பா'. செஞ்சது கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ். 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து அங்க குடியேறின வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். இவங்கதான் கதை.

5/
சண்டையே கிடையாது. வெண்பாவோட அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிஞ்சு, எழுத்து அழிஞ்சு கிடக்கு. விட்டுப்போனதை நாமதான் கண்டுபிடிச்சு சமைக்கணும். முதல் புதிர் இட்லி. தட்டை எப்படி அடுக்கினா ஆவி மேல ஏறும்? நம்ம வீட்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

6/
கவின் ஸ்கூல் போக ஆரம்பிச்சதும் தமிழ் பேசத் தயங்குறான். பெத்தவங்களுக்கும் அவனுக்கும் நடுவுல விழுற அந்த இடைவெளிதான் கதையின் வலி. 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது இதுக்குத்தான்.

7/
ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? எங்க பாஷையில சொன்னா, ஹிஸ்டரி எடுத்தது. ஓபிக்கு இருமலோட வர்ற அம்மாகிட்ட "என்ன வேல பாக்கீங்க?"ன்னு கேட்டாதான் "பீடி சுத்துதேன் சார்"ன்னு பதில் வரும். கேட்காம மருந்து எழுதினா, அவங்க எனக்கு வெறும் இருமல் கேஸ்.

8/
நாளைக்கு வெளியாள் ஒருத்தர் குற்றாலத்தை வச்சு கேம் செஞ்சா அருவி வரும், குரங்கு வரும். மடியில தட்டோட பீடி சுத்துற அந்த அம்மா வரமாட்டாங்க. அவங்க வீட்டுப் பிள்ளை செஞ்சா வருவாங்க.

உங்க வீட்ல எந்நேரமும் போனும் கேமுமா ஒரு பிள்ளை இருந்தா, திட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேளுங்க: "நீ கேம் செஞ்சா அதுல யாரு வருவா?"