மூளையைக் காக்கும் மருந்து: ஒரு தேடலின் வரலாறு

மனித உறுப்புகளுள் பசி பொறுக்காதது மூளை. உடல் நிறையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள அவ்வுறுப்பு, உடல் செலவிடும் ஒட்சிசனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தானே கொள்கின்றது. நாளைக்கென்று சேமித்து வைக்கும் வசதி அதற்கில்லை. அன்றாடம் கூலி பெற்று அன்றாடம் அரிசி வாங்கும் குடும்பத்தைப் போல, நொடிக்கு நொடி வரும் குருதியை நம்பியே அது வாழ்கின்றது. குருதிக் குழாய் ஒன்று அடைபட்டால், அதன்வழி ஊட்டம் பெற்ற பகுதி பட்டினியால் மடியத் தொடங்கும். பாரிசவாதங்களுட் பெரும்பாலானவை இத்தகைய பட்டினியே. குழாய் வெடித்துக் குருதி கசிவதால் நேர்வன ஏனையவை.

இப்பட்டினியைத் தாங்கும் வலுவை மூளைக்கு அளிக்கும் மருந்தொன்றைக் காண உலகம் அரை நூற்றாண்டாக முயன்று வருகின்றது. அம்முயற்சியின் வரலாற்றை எமது நாட்டு மருந்துக் கொள்கையின் வரலாற்றோடு சேர்த்து நோக்கும்போது, மருந்து என்பது ஆய்வுகூடத்தில் மட்டும் பிறப்பதன்று என்னும் உண்மை புலனாகும். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாழ்ந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவரை நாம் அறிவோம். ஒருநாட் காலை அவருடைய வலக் கையும் காலும் இயங்காமற் போயின, பேச்சுங் குழறியது. அவரைக் கொண்டுசென்ற தனியார் மருத்துவமனையில் ‘மூளையைக் காக்கும் ஊசி’ என்று ஒன்றை நாள்தோறும் ஏற்றினர். பத்து நாள் கழிந்தபோது மகளின் காப்புகள் இரண்டும் அடகுக் கடையில் இருந்தன. அவ்வூசி பயன் தரும் என்பதற்குச் சான்று யாது என்று அக்குடும்பத்தில் எவரும் வினவவில்லை. வினவும் நிலையில் அவர்கள் இல்லை. கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நாமும் அன்று வினவவில்லை. அந்த வெட்கமே இவ்வரலாற்றைப் படிக்குமாறு எம்மைத் தூண்டியது.

தேடலின் தொடக்கம் நம்பிக்கை மிக்கது. 1969இல் ஜோன் ஓல்னி என்னும் அமெரிக்க ஆய்வாளர், குளூட்டமேற்று என்னும் பொருள் மிகுதியாகச் செலுத்தப்பட்ட எலிக்குஞ்சுகளின் மூளைக் கலங்கள் அழிவதைக் கண்டார். கலங்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் பொருளே அளவு மிஞ்சினால் நஞ்சாகின்றது என்னும் கருத்து இதிலிருந்து வளர்ந்தது. பட்டினி கிடக்கும் கலங்கள் இப்பொருளைக் கட்டின்றி வெளிவிடுகின்றன. அயற்கலங்களின் வாயில்கள் திறந்து கல்சியம் உட்புகுகின்றது. அக்கலங்களும் அழிகின்றன. அவ்வாயில்களை ஒரு மருந்தினால் அடைத்துவிட்டால் அழிவு நிற்குமன்றோ?

1981இல் அஸ்ட்ரப், சீசோ, சைமன் ஆகிய மூவரும் இந்நம்பிக்கைக்கு இடமொன்றைக் காட்டினர். கிரகணப் பாடத்தில் கருநிழல், அயனிழல் என இரண்டை நாம் மாணவருக்குப் படம் வரைந்து விளக்குகின்றோம். பாரிசவாதம் கண்ட மூளையிலும் அவ்வாறே இரு பகுதிகள் உண்டு. நடுவில், சில நிமிடங்களிலேயே இறந்துபடும் கருநிழல். அதைச் சூழ, இயக்கம் நின்றும் உயிர் நீங்காத அயனிழல். அயனிழற் கலங்கள் சில மணி நேரம் காத்திருக்கும். அவற்றைக் காத்தால் கையும் காலும் பேச்சும் ஓரளவேனும் மீளலாம். ஆயின் காத்திருப்புக்கு எல்லையுண்டு. பெருங்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 இலட்சம் நரம்புக் கலங்கள் மடிகின்றன என 2006இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார்.

அதே 2006இல் மற்றொரு கணக்கும் வெளியாயிற்று. பாரிசவாதத்துக்கென அதுவரை ஆராயப்பட்ட சிகிச்சைகளை அவுஸ்திரேலிய ஆய்வாளர் எண்ணிப் பார்த்தனர், தொகை 1,026. விலங்குகளில் அவற்றுட் பல வெற்றி கண்டிருந்தன. மனிதரிலோ மூளைக் கலங்களைக் காக்கும் மருந்தென ஒன்றேனும் ஐயத்துக்கிடமின்றி நிலைபெறவில்லை. என்எக்ஸ்வை 059 என்னும் மருந்து 2006இல் வெளியான முதற் பெருஞ்சோதனையில் சிறு பயன் காட்டியது. 3,306 நோயாளரைக் கொண்டு மீளச் சோதித்தபோது அப்பயன் மறைந்தது. எமது நாட்டு மருந்துக் கடைகளிலும் விற்கப்படும் சிற்றிக்கோலின், 2,298 நோயாளரிடையே நடத்தப்பட்டு 2012இல் வெளியான சோதனையில் வெற்றூசியினும் மேலான பயன் எதனையும் தரவில்லை.

எலியில் வென்றது மனிதனில் ஏன் தோற்றது? ஆய்வுகூட எலி பெரும்பாலும் இளையது, நோயற்றது. அதன் குருதிக் குழாயை ஆய்வாளரே அடைப்பதால் நோய் தொடங்கிய நேரம் கடிகாரத்திற் குறிக்கப்பட்டுள்ளது. மருந்து சில நிமிடங்களில், சிலவேளை நோய்க்கு முன்னரே, செலுத்தப்படுகின்றது. மனிதரோ முதுமையும் நீரிழிவும் நெடுநாட் குருதியமுக்கமும் சுமந்து, பல மணி நேரம் கழித்து வருகின்றனர். முதிய விலங்குகளிலும் குருதியமுக்கமுள்ள விலங்குகளிலும் சோதிக்க வேண்டும் என ஆய்வாளர் பரிந்துரைத்தனர். நேரம் ஒன்றே காரணம் என்று கூறுதலும் பொருந்தாது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மகனீசியத்தை அம்புலன்சிலேயே ஏற்றினர். 1,700 பேருட் பாதிப் பேர் நோய் தொடங்கி 45 நிமிடத்துக்குள் அதனைப் பெற்றும் பயன் விளையவில்லை என 2015இல் அறிவிக்கப்பட்டது. விஞ்ஞானம் தன் தோல்வியை மறைக்காது எழுதிவைத்தமை போற்றத்தக்கது.

வெற்றி வேறு வழியில் வந்தது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை மூன்று மணி நேரத்துள் ஏற்றினால் பயனுண்டு என 1995இல் அமெரிக்கச் சோதனையொன்று நிறுவியது. அவ்வெல்லை பின்னர் நாலரை மணியாக நீண்டது. பெருங்குழாயின் கட்டியைக் கருவியால் வெளியே இழுக்கும் முறை 2015இல் உறுதிப்பட்டது. இவை கலத்தைப் பட்டினிக்குப் பழக்குவன அல்ல. உணவுப் பாதையைத் திறந்துவிடுவன. ஆயினும், குருதிக் கசிவு இல்லையென்று மூளைப் படம் எடுத்து உறுதி செய்யாமல் கரைக்கும் மருந்தை ஏற்றலாகாது. ஆகவே நோயாளி நேரத்துக்கு, உரிய வசதியுள்ள இடத்துக்கு, வந்து சேர வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் எமது மாணவன் ஒருவனுடைய தந்தை, புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி. அவருக்குக் குருதியமுக்கம் உண்டென்பது சில ஆண்டுகளாகத் தெரியும். கிளினிக் நாளில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி இல்லை. எனவே தலை சுற்றும்போது மட்டும் குளிசை விழுங்குவார். ஒரு மாலை கை மரத்தது. சுமையின் களைப்பென்று எண்ணி எண்ணெய் தடவிப் படுத்துவிட்டார். விடிந்தபின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். ஆய்வுகூட எலி நேரத்துக்கு வந்துவிடுகின்றது, நாட்டாமி வருவதில்லை. அவரைத் தாமதப்படுத்தியது அறியாமை மட்டுமன்று, அவருடைய கூலிமுறையுமாகும்.

ஈண்டு எமது நாட்டின் வரலாறு குறுக்கிடுகின்றது. எந்த மருந்தை, எவருக்கு, என்ன விலைக்கு, எந்தச் சான்றின்மீது வாங்குவது என்னும் வினாவை உலகம் உற்றுநோக்குமாறு எழுப்பியவர் இலங்கையின் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. 1920இற் பிறந்த அவர் இடதுசாரி இயக்கத்தோடு இணைந்து நின்றவர். மருத்துவரும் கம்யூனிஸ்ட் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் 1971இல் அளித்த அறிக்கை புதிய மருந்துக் கொள்கையின் அடித்தளமாயிற்று. அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலே அதன் தலைவரானார். மருந்துகள் உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம், வணிகப் பெயரால் அன்றிப் பொதுப்பெயரால் வாங்கப்பட்டன. தனியார் சந்தையில் இருந்த ஏறக்குறைய 2,100 மருந்து வகைகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. ஒரே சரக்கைப் பல பெயரில் விற்பதும், பயன் நிறுவப்படாததை விற்பதும் தேவையன்று என்பதே அக்குறைப்பின் பொருள்.

பன்னாட்டு நிறுவனங்கள் இதனை விரும்பவில்லை. 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்ததும் அக்கொள்கை தளர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். அடுத்த மாதமே உலக சுகாதார தாபனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை உருவாக்கியது. பாரிசவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் அல்ரிப்பிளேசு 2019இல் அப்பட்டியலிற் சேர்ந்தது. எமது நாட்டிலோ தேசிய மருந்துகள் ஒழுங்குமுறைப்படுத்தல் அதிகாரசபைச் சட்டம் 2015இலேயே நிறைவேறியது. 2022இன் பொருளாதார நெருக்கடியில், இலவச வைத்தியசாலையின் நோயாளர்கூட மருந்துச் சீட்டுடன் கடை கடையாக அலைந்ததை நாம் கண்டோம்.

பிபிலேயின் வினா இன்றும் பயன் தரும் என்பதற்கு எமது மண்ணிலேயே சான்றுண்டு. கொழும்பில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வொன்று, வளர்ந்தோர் ஆயிரவருள் ஏறக்குறைய பத்துப் பேர் பாரிசவாதம் கண்டவர் என்றது. அவருட் பெரும்பாலோருக்குக் குருதியமுக்கம் இருந்தது. மூன்று மருந்துகளைச் சிற்றளவிற் சேர்த்த ஒரே குளிசையை இலங்கை வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரிடையே சோதித்தனர். ஆறு மாதத்தில், அக்குளிசையைப் பெற்றவருள் நூற்றுக்கு 70 பேர் உரிய அளவை எய்தினர். வழமைச் சிகிச்சையில் 55 பேரே எய்தினர். 2018இல் வெளியான அம்முடிவு உலகின் கவனத்தைப் பெற்றது. இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் முப்பது கிராமச் சமூகங்களில், சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்றபோது குருதியமுக்கம் மேலும் இறங்கியது என 2020இல் மற்றோர் ஆய்வு காட்டியது. மூளையைக் காக்கும் மருந்தென்று நிறுவப்பட்ட ஒன்றை நாம் கேட்போமானால், பாரிசவாதம் வருமுன் நாள்தோறும் விழுங்கப்படும் இந்த மலிவான குளிசையையே முதலிற் காட்ட வேண்டும்.

புதிய மருந்துக்கான தேடல் வீண் என்று நாம் கூறவில்லை. கட்டியை அகற்றும் முறை வந்தபின், பாதை திறந்த மூளையில் காப்பு மருந்தைச் சோதிக்க வாய்ப்புப் பிறந்துள்ளது. நெரினெற்றைட்டு என்னும் மருந்து 1,105 பேரிடையே அவ்வாறு சோதிக்கப்பட்டு, 2020இல் பொதுவாகப் பயன் காட்டவில்லை எனினும், ஆய்வு தொடர்கின்றது, தொடரவும் வேண்டும். சோதனையில் இருக்கும் நம்பிக்கையைச் சோதனை முடியுமுன் விலைக்கு விற்பதையே நாம் எதிர்க்கின்றோம். அந்த விலையைச் செலுத்துவது ஆய்வாளரல்லர், வெள்ளவத்தையின் மகளொருத்தி.

ஆசிரியராகிய எமக்கும் மாணவருக்கும் இதிற் பணியுண்டு. முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்று அறிகுறிகளையும், 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 இலவச அம்புலன்சு எண்ணையும், ஒவ்வொரு மாணவனும் வீட்டிற்குக் கொண்டுசெல்லலாம். கூலி இழக்காமல் வரக்கூடிய மாலைநேரக் கிளினிக்குகளைத் தொழிற்சங்கங்கள் கோரலாம். விலையுயர்ந்த ஊசி எழுதப்படும்போது, ‘இதற்குச் சான்று யாது?’ என்று மரியாதையோடும் அச்சமின்றியும் வினவலாம். கொட்டாஞ்சேனை மாணவன் இப்போது தந்தையின் குளிசைகளை எண்ணிக் கொடுத்துவிட்டே பள்ளிக்கு வருகின்றான். அயனிழற் பாடம் வந்த நாளில், ‘அது எவ்வளவு நேரம் இருக்கும், சேர்?’ என்று கேட்டவனும் அவனே. அவன் கேட்டது கிரகணத்தைப் பற்றியன்று.