துணிச் சாயம் ரத்தம் பார்க்க வந்த கதை

குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் அடித்தால் மருத்துவர் எழுதித் தரும் முதல் சோதனைகளில் ஒன்று ரத்தத் தடவல். விரல் நுனியில் ஒரு குத்து, கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு, அதன்மேல் கொஞ்சம் சாயம். லேப்காரர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு மலேரியா உண்டா இல்லையா என்று எழுதிவிடுவார். அந்தச் சாயத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் நாம் போய்ச் சேருமிடம் சாயப்பட்டறை.

1856. லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது மாணவர், ஈஸ்டர் விடுமுறையில் வீட்டிலேயே கொயினா தயாரிக்கப் பார்த்தார். மலேரியாவை அடக்கும் அந்த மருந்து அப்போது சிங்கோனா மரப்பட்டையிலிருந்துதான் கிடைத்தது. நிலக்கரித் தாரிலிருந்து அதைச் செய்துவிட முடியும் என்பது அவருடைய நம்பிக்கை. வந்ததோ கறுப்புக் கசடு. அதில் ஆல்கஹால் ஊற்றியதும் அழகான ஊதா நிறம் கரைந்து வந்தது. பட்டிலும் நன்றாகப் பிடித்தது. கொயினா தேடியவர் சாய முதலாளி ஆனார். அவரைப் பார்த்து ஜெர்மானியர்கள் தாரிலிருந்து விதவிதமான சாயங்களைக் காய்ச்சி இறக்கினார்கள். 1876இல் பிஏஎஸ்எஃப் கம்பெனியின் ஹைன்ரிக் காரோ உருவாக்கிய மெத்திலின் நீலம் பருத்தித் துணிக்கானது. ரத்தத்தைப் பற்றி அங்கே யாரும் நினைத்திருக்கவில்லை.

ரத்தத்தைப் பார்த்தவர்கள் வேறு இடங்களில் இருந்தார்கள். 1872இல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் மனித ரத்தத்தில் நெளியும் நுண்புழுக்களைக் கண்டார். யானைக்கால் நோயின் குஞ்சுப்புழுக்கள் அவை. சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் அவற்றை இரவும் பகலும் தேடி, இரவில்தான் தோலை ஒட்டிய ரத்தத்துக்கு வருகின்றன என்று கண்டுபிடித்தார். யானைக்கால் கணக்கெடுப்புக்கு இரவில் கதவைத் தட்டி ரத்தம் எடுத்த வழக்கத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

மலேரியாக் கிருமியை முதலில் கண்டவருக்குச் சாயமே தேவைப்படவில்லை. 1880 நவம்பர் 6 அன்று, அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் ராணுவ மருத்துவமனையில், பிரெஞ்சு மருத்துவர் அல்ஃபோன்ஸ் லவெரான் ஒரு சிப்பாயின் சாயமேற்றாத ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரும்புள்ளி நிறைந்த ஓர் உருண்டையிலிருந்து மெல்லிய இழைகள் சாட்டைபோலச் சுழன்று செவ்வணுக்களைத் தள்ளின. உயிருள்ள ஒன்றுதான் இப்படி ஆட முடியும் என்பது அவருக்கு உடனே புரிந்தது. மற்றவர்களுக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின. அசைவு நின்றுவிட்டால் அந்த நிறமற்ற கிருமியைச் செவ்வணுவுக்குள் பிரித்தறிவது கடினம். நம்பிக்கை பரவ நிறம் வேண்டியிருந்தது.

அந்த நிறத்தைக் கொடுத்தது ஒரு கெட்டுப்போன புட்டி. 1891இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி ரொமனோவ்ஸ்கி, மெத்திலின் நீலத்தோடு இயோசின் என்ற சிவப்புச் சாயத்தைக் கலந்தார். நீலக் கரைசல் பழசு. பூஞ்சை பிடித்திருந்தது என்றுகூடச் சொல்வார்கள். அந்தக் கலவை ஏறியதும் மலேரியாக் கிருமியின் உடல் நீலமாகவும் கரு ஊதாவாகவும் தனித்தனியே ஒளிர்ந்தன. வைத்திருந்து பழசான மெத்திலின் நீலம் ஆக்சிஜனேற்றத்தால் அஷூர் என்ற இன்னொரு சாயமாக மாறுகிறது. அதுவும் இயோசினும் சேர்ந்துதான் அந்த ஊதா. அதே ஆண்டு பெர்லினில் பால் எர்லிக்கும் குட்மானும் மெத்திலின் நீலத்தை மலேரியா நோயாளிகளுக்கு மருந்தாகவே கொடுத்துப் பார்த்தார்கள். கொயினாவில் தொடங்கிச் சாயத்தில் போய் முடிந்த தேடல், 35 ஆண்டுகளில் சாயத்திலிருந்தே மருந்துக்குத் திரும்பியது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது.

பிறகு வந்தவர்கள் எல்லாரும் ரொமனோவ்ஸ்கியின் கலவையைத் தம் கைப்பக்குவத்தில் மாற்றியவர்களே. இங்கிலாந்தின் நெட்லி ராணுவ மருத்துவப் பள்ளியில் வில்லியம் லீஷ்மன் 1901இல் அதை மெத்தனாலில் கரைத்தார். கல்கத்தாவை அடுத்த டம்டம்மிலிருந்து திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் தான் கண்ட விசித்திர உருவங்களை அவர் 1903இல் வெளியிட்டார். சென்னைப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் அதே உருவங்களைத் தன் நோயாளிகளிடம் கண்டிருந்தார். காலா அசார் என்ற காய்ச்சலின் அந்தக் கிருமிக்கு மலேரியா ஆய்வாளர் ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்தே வைத்தார்: லீஷ்மேனியா டோனவனி. ஹாம்பர்க்கில் கஸ்தாவ் கிம்சா 1904 வாக்கில் கிளிசரின் சேர்த்துக் கலவை கெடாமல் நிற்கச் செய்தார். உலகெங்கும் இன்றும் மலேரியா பார்க்க முதலில் எடுக்கப்படுவது கிம்சா புட்டிதான்.

முதல் உலகப் போர் ஜெர்மன் சாயங்களின் வழியை அடைத்தது. அமெரிக்க ஆய்வகங்கள் உள்ளூர்ச் சரக்கை வைத்துத் திணறின. ஒரு கம்பெனியின் சாயம் போல இன்னொன்றின் சாயம் பிடிக்கவில்லை. சாயங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்பு அங்கே 1920களில் பிறந்தது அதனால்தான். கோலாலம்பூரில் ஜான் ஃபீல்ட் சில நொடிகளில் சாயமேற்றும் முறையை 1940 வாக்கில் கொண்டுவந்தார். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டப் போன தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக மலேரியா சாய்த்த மண் அது. 1944இல் இந்தியாவில் ஜஸ்வந்த் சிங்கும் பட்டாச்சார்ஜியும் தண்ணீரில் கரையும் சாயம் ஒன்றைத் தயாரித்தார்கள். இந்திய மலேரியாத் திட்டத்தில் லட்சக்கணக்கான சில்லுகள் நிறமேறியது அந்த ஜேஎஸ்பி சாயத்தில்தான்.

கருவுற்றதைக் காட்டும் அட்டை கடைகளுக்கு வந்த சில ஆண்டுகளில், 1990களில், அதே உத்தியில் மலேரியா அட்டையும் வந்தது. கால் மணி நேரத்தில் கோடு விழும். கரண்டோ மைக்ராஸ்கோப்போ வேண்டாம். ஆனால் பல அட்டைகள் தேடுவது கிருமி சுரக்கும் ஒரு புரதத்தை. அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லாத கிருமிகள் பெருவின் அமேசான் காட்டில் இருப்பதை 2010இல் கண்டார்கள். அந்த அட்டைகள் அவற்றைப் பார்க்காமல் விட்டுவிடலாம். சில்லுக்கும் குறை உண்டு. மலேசியாவின் சரவாக் மாநிலத்துக் கபிட்டில் பல்பீர் சிங் குழு 208 நோயாளிகளின் ரத்தத்தை மரபணுச் சோதனை செய்தபோது, 120 பேரிடம் இருந்தது குரங்குகளின் மலேரியாக் கிருமி. மைக்ராஸ்கோப்பில் அது வேறு கிருமியின் சாயலில் இருந்ததால் ஆள் மாறாட்டம் நடந்திருந்தது. 2004இல் வெளியான முடிவு இது.

அதனால்தான் நல்ல ஆய்வகம் ஒரே சில்லில் முடிவு கட்டுவதில்லை. கனத்த பூச்சில் கிருமி இருக்கிறதா என்று தேடும். மெல்லிய பூச்சில் எந்த வகை என்று பார்க்கும். இல்லை என்று வந்தும் சந்தேகம் தீராவிட்டால், 12 முதல் 24 மணி நேரம் கழித்து மறுபடி விரலில் குத்தச் சொல்வார்கள். மறுக்காமல் கையை நீட்டுங்கள்.